கொங்கு மலையும் காங் மலையும்: பழைய குளோப், அட்லஸ் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் நூறு, நூற்றைம்பது வருசத்துக்கு முன்பு புழங்கிய குளோப்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். கோபியிலிருந்து உடுமலை வரைக்கும் கடிதங்கள் வந்துவிட்டன. அட்டாலியில், அதாவது பரணில், கிடந்ததைப் படம் எடுத்து அனுப்பியவர்களே ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் வாசகி: எங்கள் அப்பாரு வீட்டு அட்டாலியைச் சுத்தம் பண்ணும்போது மரத்தாங்கியோடு ஒரு குளோப் கிடைத்தது. ஜோஸ்லின், பாஸ்டன் என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம் நீளமாக ஒரு மலைத்தொடர் வரைந்து 'காங் மலைகள்' என்று போட்டிருக்கிறார்கள். நம்ம கொங்குக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டுங்களா?

சம்பந்தம் இல்லைங்க அம்மா. அதைவிடப் பெரிய சங்கதி, அப்படி ஒரு மலையே உலகத்தில் கிடையாது.

காங் என்று ஓர் ஊர் உண்டு, இன்றைய ஐவரி கோஸ்ட் நாட்டின் வடக்கே. மங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நைஜர் ஆற்றைத் தேடிப் போனபோது தூரத்தில் மலை முகடுகள் தெரிந்ததாக எழுதி வைத்தார். அவருடைய பயணத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் ஜேம்ஸ் ரென்னல், 1767இல் வங்காளத்துக்கு முதல் சர்வேயர் ஜெனரலாக இருந்து நம் நாட்டை அளந்தாரே, அதே ஆள்தான். நைஜர் ஆறு தெற்கே திரும்பிக் கடலுக்குப் போகாது, கிழக்கே போய் உள்நாட்டிலேயே வற்றிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அப்படியானால் தெற்கே மறித்து நிற்க ஏதோ ஒன்று வேண்டும் அல்லவா? பார்க் கண்ட நாலு முகட்டையும் நீட்டி இழுத்து 1798இல் ஒரு முழு மலைத்தொடராகவே வரைந்துவிட்டார். 1830இல் லாண்டர் சகோதரர்கள் ஆற்றோடேயே படகில் போய் அது கடலில்தான் கலக்கிறது என்று காட்டினார்கள். காரணம் போய்விட்டது, மலை மட்டும் போகவில்லை! ஒருவர் வரைந்ததைப் பார்த்து அடுத்தவர் வரைந்து, லண்டனிலிருந்து பாஸ்டன், பிலடெல்பியா பள்ளி அட்லஸ் வரைக்கும் அது வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் பிங்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1888இல் காங் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே மலைத்தொடர் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் அழிக்க ஆரம்பித்தார்கள். தொண்ணூறு வருசம் குழந்தைகள் இல்லாத மலையை மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள்.

அதனால் உங்கள் குளோப்பில் அந்த மலை இருப்பதைக் குறை என்று நினைக்காதீர்கள். எந்தக் காலத்து உருண்டை என்று அதுதான் சொல்கிறது. கில்மன் ஜோஸ்லின் என்பவர் ஜோசையா லோரிங்கிடமிருந்து 1839 வாக்கில் பாஸ்டனில் தொழிலை எடுத்துக்கொண்டவர், அதற்குப் பிறகு ரொம்ப காலம் அந்தப் பெயரில் குளோப் வந்தது. இன்னும் நெருக்கிக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையைப் பாருங்கள். 'ரஷ்ய அமெரிக்கா' என்று இருந்தால் 1867க்கு முந்தியது, அந்த வருசம்தான் அலாஸ்கா கை மாறியது. டெக்சாஸ் தனி நாடாக நின்றால் 1836க்கும் 1845க்கும் இடையில். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், பெயர்க்கட்டத்தில் இருக்கும் வருசம் அநேகமாக அச்சடிக்கிற செம்புத்தகட்டைச் செதுக்கிய வருசம், உருண்டை செய்த வருசம் ஆகாது. பழைய தகட்டிலேயே பல வருசம் அடித்து விற்பார்கள்.

அவிநாசி, ஏழாம் வகுப்பு மாணவி: உருண்டையின் மேல் தாளைச் சுருக்கமே இல்லாமல் எப்படி ஒட்டினார்கள் அய்யா? நான் ரப்பர் பந்தில் ஒட்டிப் பார்த்தேன், கசங்கிக் கசங்கிப் போகிறது.

நல்லாக் கேட்டாய் கண்ணு. முழுத் தாளை ஒட்டினால் யார் ஒட்டினாலும் கசங்கத்தான் செய்யும். அவர்கள் உலகத்தைச் சுளை சுளையாக அச்சடித்தார்கள். பெரும்பாலும் 12 சுளை, ஒவ்வொன்றும் 30 பாகை, நடுவில் அகலமாகவும் இரண்டு நுனியும் கூராகவும் இருக்கும்.

அதற்கு முன்னால் உருண்டை செய்யணும். மரப்பந்து ஒன்றை அச்சாக வைத்து, பசையில் நனைத்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவிடுவார்கள். காய்ந்த பிறகு நடுவில் சுற்றிலும் அறுத்தால் தேங்காய் மூடி மாதிரி இரண்டு பாதி கழன்று வரும். உள்ளே ஒரு மரக்குச்சியை நட்டமாக நிறுத்தி இரண்டு மூடியையும் அதில் சேர்த்து, மேலே பிளாஸ்டர் பூசி, அரைவட்டமாக வெட்டிய தகட்டுக்குள் சுழற்றிச் சுழற்றி வழித்து எடுப்பார்கள். ஒரு பக்கம் கனம் தட்டினால் குளோப் எங்கே விட்டாலும் அந்தப் பக்கமே திரும்பி நிற்கும், அதற்காக உள்ளே ஈயக் குண்டு போட்ட சின்னப் பை ஒன்றைக் கட்டிச் சமன் செய்வதும் உண்டு. பிறகுதான் சுளை ஒட்டுவது. தாள் பசையில் நனைந்ததும் நீளும். எவ்வளவு நீளும் என்று தெரிந்து அதற்குத் தகுந்த மாதிரி தகட்டிலேயே குறைத்துச் செதுக்கியிருக்கணும், இல்லையென்றால் கடைசிச் சுளைக்கு இடம் இருக்காது. பன்னிரண்டும் கூடுகிற துருவத்தில் ஒரு வட்டத் தாளைத் தொப்பி போல ஒட்டி மூடிவிட்டு, வண்ணம் தீட்டி, வார்னிஷ் அடித்தால் முடிந்தது.

என்னிடம் இருக்கும் சின்ன குளோப்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் இலங்கைக்குக் கீழே கடலில் நிலநடுக்கோடு ஒரு மயிரிழை படி இறங்குகிறது. அந்த இடத்தில் ஒட்டியவருடைய கை லேசாக நழுவியிருக்கிறது. எனக்கு அந்த குளோப்பிலேயே ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

நீ இன்னொன்றும் தெரிந்துகொள்ளணும். ஹோல்புரூக் பெயரில் பள்ளிகளுக்காக ஒரு குட்டி குளோப் வந்தது, உள்ளங்கையில் அடங்கும், பொட்டி மாதிரி கீல் வைத்திருக்கும். திறந்தால் வெளிப்பக்கம் அரை உலகம் உருண்டையாகவும், உள்பக்கம் அதே அரை உலகம் தட்டையாகவும் இருக்கும். உருண்டையைத் தட்டையாக்கினால் ஓரத்து நாடுகள் எப்படி இழுபடுகின்றன என்று டீச்சர் பேசவே வேண்டாம், திறந்து காட்டினால் போதும். நீ உன் பந்தில் பன்னிரண்டு சுளை வெட்டி மறுபடி ஒட்டிப் பார்த்துவிட்டு எனக்குக் கட்டாயம் எழுது.

பல்லடம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: அமெரிக்காவில் குளோப் தொழிலை முதலில் ஆரம்பித்தது யாருங்க? பெரிய படிப்பாளியாக இருந்திருப்பாரோ?

இல்லைங்க சார், அவர் விவசாயி, பட்டறை வேலையும் தெரிந்தவர். பெயர் ஜேம்ஸ் வில்சன், பிறந்தது 1763. அதுவரை அமெரிக்கப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் குளோப் வேண்டுமென்றால் லண்டனிலிருந்து கப்பலில் வரவேண்டும். வில்சன் 1796இல் டார்ட்மவுத் கல்லூரியில் ஒரு ஜோடி குளோப்பைப் பார்த்தார், ஒன்று பூமி, இன்னொன்று வானம். பார்த்ததும் இதை நாமே செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. வெர்மான்ட் மாநிலத்தில் பிராட்போர்டு என்ற சின்ன ஊரில் தோட்டம், காடு, மாடு என்று இருந்த மனுசர், பண்ணைச் சாமானில் கொஞ்சத்தை விற்றுப் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தை முழுசாக வாங்கிப் படித்தார். முதலில் மரத்தைக் கடைந்து பந்தாக்கித் தாளை ஒட்டிக் கையாலேயே வரைந்தார். விற்க வேண்டுமென்றால் அச்சடிக்கணும், அச்சடிக்கச் செம்புத்தகட்டில் செதுக்கத் தெரியணும். அதற்கு நியூ ஹேவன் ஊரில் ஏமோஸ் டூலிட்டில் என்ற செதுக்குக்காரரிடம் போய்க் கற்றுக்கொண்டார். மை காய்ச்சுவது, பசை, வார்னிஷ், கடைசல், பித்தளை வேலை எல்லாம் தானே பார்த்து 1810இல் 13 அங்குல குளோப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஆரம்பித்ததிலிருந்து பதினாலு வருசம் ஆகியிருக்கிறது பாருங்கள். பிறகு பையன்களோடு ஆல்பனி நகரில் தொழிற்சாலையே வைத்தார், 1855 வரை உயிரோடு இருந்தார்.

நம் கோயமுத்தூர்ப் பக்கம் பம்புசெட்டும் மோட்டாரும் எப்படி வளர்ந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை ஒன்றும் அதிசயமாக இருக்காது. வெளியிலிருந்து வந்த சாமானைக் கழற்றிப் பார்த்து, பட்டறையில் தட்டி, இதையே நம்மூரில் பண்ணலாம் என்று கிளம்பியவர்கள் நம் வீதியிலும் இருந்தார்கள். வில்சனை அந்த வரிசையில் வைத்துத்தான் எனக்குப் பார்க்கத் தோன்றும்.

சென்னிமலை வாசகர்: நாங்கள் தறி வைத்திருக்கிற குடும்பம். துணியில் குளோப் செய்ததாகப் போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உண்மையா?

உண்மைங்க, பட்டுத் துணியில். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் வெஸ்ட்டவுன் என்று குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையார் 1799இல் தொடங்கிய பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படித்த பெண் பிள்ளைகள் 1800களின் ஆரம்பத்தில் பட்டுத் துணியைச் சுளையாக வெட்டித் தைத்து, உள்ளே அடைத்துப் பந்தாக்கி, அட்சக்கோடு தீர்க்கக்கோடு எல்லாம் பட்டு நூலில் ஓட்டி, ஊர் பெயர்களை மையில் எழுதினார்கள். கண்டங்களின் ஓரம் முழுக்க ஊசி வேலை. அந்த அளவு உருண்டையில் கோடு கோணாமல் நூல் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு பெண் 1816இல் வீட்டுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. செய்வதற்குச் சிரமமாகத்தான் இருக்கும், ஆனால் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்க உதவும் என்கிறாள். அவள் தம்பி தங்கையை நினைத்துத்தான் எனக்கு மனசு இளகிப் போனது.

பெண்கள் கை இந்தத் தொழிலில் நிறைய உண்டு. எல்லன் ஃபிட்ஸ் என்பவர் கனடாவில் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க ஆசிரியை. எந்த மாசம் எந்த ஊரில் பகல் எவ்வளவு, இரவு எவ்வளவு, அந்தி எவ்வளவு நேரம் என்று பிள்ளைகள் தாங்களே திருப்பிப் பார்க்கிற மாதிரி குளோப்புக்கு ஒரு தாங்கி செய்து 1875இல் காப்புரிமை வாங்கினார். பாஸ்டனில் ஜின் அண்ட் ஹீத் கம்பெனி அதை வெளியிட்டது.

ஈரோடு வாசகர்: என்னிடம் மிட்செல் பள்ளி அட்லஸ் ஒன்று இருக்கிறது. படங்களில் உள்ள நிறம் அச்சா, கையால் பூசியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லைக்கோட்டைப் பாருங்கள். கையால் பூசியிருந்தால் ரோஸ் நிறமோ மஞ்சளோ எங்காவது ஓர் இடத்தில் கோட்டைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குள் வழிந்திருக்கும், தூரிகை திரும்பின முனையில் நிறம் கெட்டியாக நின்றிருக்கும். அச்சு நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக, லென்ஸில் புள்ளியாகவோ கோடாகவோ தெரியும். சாமுவேல் ஆகஸ்டஸ் மிட்செல் முதலில் ஆசிரியராக இருந்தவர். கையில் கிடைத்த பூகோளப் புத்தகங்கள் சரியில்லை என்றுதான் பிலடெல்பியாவுக்கு வந்து தானே போடத் தொடங்கினார். அவருடைய பழைய படங்கள் தகட்டில் செதுக்கிக் கறுப்பில் அடித்து, பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நிறம் கொடுத்தவை.

இன்னொரு வகையும் உங்கள் கைக்கு வரலாம். சிட்னி எட்வர்ட்ஸ் மோர்ஸ் என்பவர் 1839இல் மெழுகு முறையைக் கொண்டுவந்தார், தந்தி கண்டுபிடித்த மோர்ஸின் தம்பி. 1784இலேயே பிள்ளைகளுக்குப் பூகோளப் புத்தகம் எழுதிய ஜெடிடையா மோர்ஸ்தான் இவர்களுக்கு அப்பா. தகட்டின் மேல் மெல்லிசாக மெழுகு பூசி, அதில் கீறி, அந்தக் கீறலிலிருந்து மின்முறையில் செம்பு அச்சு எடுப்பது. செம்பைச் செதுக்குவதோடு பார்த்தால் மெழுகைக் கீறுவது சுலபம், ஊர் பெயருக்கு எழுத்தச்சையே மெழுகில் அழுத்திவிடலாம். பிற்காலத்தில் சிகாகோவின் ராண்ட் மெக்னாலி இந்த முறையில்தான் வரைபடங்களை மலிவாக அடித்துத் தள்ளியது. எழுத்தெல்லாம் ஒரே வார்ப்பாக, கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் மெழுகு என்று சந்தேகப்படலாம். அழகுக்கு என்னைக் கேட்டால் செம்புத்தகடுதான்.

காங்கேயம் வாசகி: ஒரு பழைய அட்லஸ் படத்தில் உலகத்தையே நாகரிகம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று வெளுப்பும் கறுப்புமாகத் தீட்டியிருந்தது. பார்த்ததும் கோபம்தான் வந்தது. இதையெல்லாம் எதற்குப் பாதுகாக்க வேண்டும்?

உங்கள் கோபம் நியாயம். வில்லியம் சானிங் வுட்பிரிட்ஜ் 1821இல் போட்ட படம் அந்த வகைக்கு முன்னோடி. காட்டுமிராண்டி முதல் அறிவொளி பெற்றவர் வரை மனிதர்களை ஐந்து படியாகப் பிரித்து, மேலே போகப் போக வெளுப்பாகத் தீட்டினார். அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய பிள்ளைகள் வளர்ந்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. அதே மனிதர் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். ஒரே அளவு வெப்பம் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டிய ஜெர்மன் அறிஞர் ஹம்போல்டின் வெப்பக்கோட்டுப் படத்தை, அது வெளிவந்து சில வருசத்திலேயே, பள்ளிப் பிள்ளைகள் கைக்குக் கொண்டு சேர்த்தவரும் அவர்தான். அவரோடு சேர்ந்து பாடநூல் செய்த எம்மா வில்லர்ட், 1821இல் டிராய் நகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர், பிள்ளைகள் முதலில் சொந்த ஊரின் படத்தை வரையட்டும், உலகம் அப்புறம் என்றார். நாம் மூன்றாம் வகுப்பில் நம் மாவட்டத்தைப் படித்தோமே, அதே வழி. நல்லதும் கெட்டதும் ஒரே பையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் பள்ளிப் புத்தகம் எவ்வளவு தூரம் பொய் சொல்லும் என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும். வைத்திருங்கள், உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டி, இது தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: கோயமுத்தூர் உக்கடத்தில் நூறு வருசத்துப் பழசு என்று சொல்லி ஒரு குளோப் கொடுத்தார்கள். அதில் கிழக்குப் பாகிஸ்தான் இருக்கிறது.

அப்படியென்றால் நூறு வருசம் இல்லைங்க, 1947க்கும் 1971க்கும் நடுவில் செய்தது. அடுத்த தடவை வாங்கும்போது கடையிலேயே நாலு இடம் பாருங்கள். கான்ஸ்டான்டிநோபிள் 1930இல் இஸ்தான்புல் ஆனது, பாரசீகம் 1935இல் ஈரான், சயாம் 1939இல் தாய்லாந்து, சிலோன் 1972இல் ஸ்ரீலங்கா. ரீப்லோகிள் என்று பெயர் இருந்தால் அந்தக் கம்பெனி தொடங்கியதே 1930இல், சிகாகோவில். பழசு இல்லை என்பதால் வீசிவிடாதீர்கள், மேசையில் வைத்துப் பிள்ளைகளோடு திருப்பிப் பாருங்கள்.

தாராபுரம் வாசகர்: குளோப்பையும் அட்லஸையும் எப்படிச் சுத்தம் செய்வது? வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போகும் என்கிறார்களே?

முதலில் தண்ணீரைத் தள்ளி வையுங்கள். ஈரத்துணி பட்டால் வார்னிஷ் வெடித்த இடத்தில் நீர் உள்ளே இறங்கிப் பிளாஸ்டர் ஊறி, சுளை தூக்கிக்கொள்ளும். நான் முதல் வேலைக்குப் போன பள்ளியில் ஆண்டு விழாவுக்காகக் குளோப்பைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் வைத்துவிட்டார்கள், மாலையில் பார்த்தபோது பசிபிக் கடல் தனியாகக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அந்தக் காட்சி மனசை விட்டுப் போகவில்லை. மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். பித்தளை வளையத்தைக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரிப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், புளித்தண்ணீர் தாளில் இறங்கும். மேலே புதுசாக வார்னிஷ் அடிக்க வேண்டாம். அட்லஸைப் படுக்கை வசமாக வையுங்கள், கிழிந்த இடத்தில் செலோ டேப் கூடவே கூடாது, அந்தப் பசை சில வருசத்தில் பழுப்பாக ஊறித் தாளையே தின்றுவிடும். கரையான் ஏறாத இரும்பு பீரோ நல்லது. வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து தாளில் படாமல் ஓரமாக வையுங்கள்.

வெளிநாட்டு விற்பனை பற்றி. நூறு வருசம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் வருசத்துத் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. உங்கள் குளோப் அதில் வருமா வராதா என்று தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

உடுமலைப்பேட்டை வாசகர்: எங்கள் வீட்டு அமெரிக்க குளோப்பில் தென்னிந்தியா இருக்கும் இடமே தேய்ந்து வெள்ளையாக இருக்கிறது. இலங்கையில் பாதியும் போச்சு. ஓர் ஓவியரை வைத்து வரைந்துவிடலாமா? அப்புறம், இந்தப் பொருள் எப்படி நம்ம பக்கம் வந்திருக்கும்?

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் வருகிறது. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1834இலிருந்து இந்தப் பக்கம் இருந்தார்கள், வெயிலுக்குப் பயந்து 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள், 1901இல் அங்கே தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியே வைத்தார்கள். உடுமலைக்கும் பழனிக்கும் அது அடுத்த மலைதானே. அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது மேசை, அலமாரி, புத்தகம் என்று விற்றுவிட்டுப் போன சாமான்களில் உங்கள் குளோப்பும் இருந்திருக்கலாம்.

பள்ளிக்கூட குளோப்பில் முதலில் தேய்கிற இடம் எப்போதும் அந்தப் பள்ளி இருக்கிற ஊர். நாம் எங்கே இருக்கிறோம் என்று டீச்சர் கேட்கிறார், பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து விரலை வைக்கிறார்கள். வருசக்கணக்காக, வகுப்பு வகுப்பாக. பாஸ்டனில் புழங்கியிருந்தால் பாஸ்டன்தான் தேய்ந்திருக்கும், இந்தியா புதுசாக நின்றிருக்கும். உங்களுடையதில் நம்ம பக்கம் தேய்ந்திருக்கிறது என்றால் அது இங்கே ஒரு வகுப்பறையில் இருந்தது, இங்கே உள்ள பிள்ளைகள் தொட்டது. ஓவியரைக் கூப்பிட வேண்டாங்க. நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.